மானம் யாருடையது?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு பத்திரிகைக்கார அம்மையாரின் வேலையைப் பற்றியதாகும். அவர் பாகிஸ்தானத்தில் கராச்சி நகரத்தில் 1978-ம் வருஷத்தில் பிறந்தவர். பெயர் ஷர்மீன் ஒபைத் சினாய். பத்திரிகைக்கு எழுதுவதில் ஆரம்பித்து, எழுத்தோடு நின்றுவிடாமல் ஆவணப்படம் எடுக்கும் தொழிலுக்கு வந்தவர். ஆவணப்படம் என்றால், ராஜா ராணி வேஷம் போட்டு ஆட்டமும் பாட்டுமாய் எடுக்கும் சினிமா என்று நினைத்துவிடாதீர்கள். நடந்துபோன சங்கதியை, அது யாருக்கு நடந்ததோ அவர்களைக் கொண்டே, அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்து, அப்படியே பிடித்துக் காட்டுவதற்குத்தான் ஆவணப்படம் என்று பெயர்.

"எங்கேயோ இருக்கும் ஓர் அம்மாளைப் பற்றி இந்த ஊர்ச் சாவடியில் பேசுவானேன்?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாம் யாருக்கும் மாலை சூட்டிப் புகழ் பாடுவதற்காக இங்கு வரவில்லை. மானம், மானம் என்று ஒரு சொல்லை ஜனங்கள் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறார்களே, அந்த மானம் உண்மையில் யாருடையது, அதை யார் கொடுக்கிறார்கள், யார் அதற்காக உயிரை விடுகிறார்கள் என்கிற விஷயம் இந்த அம்மையாரின் இருபது வருஷ வேலையிலே கண்ணாடி போல விளங்குகிறது. ஆதலால்தான் அதை எடுத்துக்கொண்டோம்.

முதலில் அவர் எழுத வந்த கதையைக் கேளுங்கள். பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருக்கும்போதே அவர் பத்திரிகைகளுக்கு எழுதத் தொடங்கிவிட்டார். பதினேழு வயதில் ஒரு கட்டுரை எழுதினார். கராச்சியில் பெரிய நிலக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் துப்பாக்கியும் கையுமாய்த் திரிந்துகொண்டு மற்றப் பிள்ளைகளை மிரட்டி வந்தார்கள். அதை விசாரித்து எழுதினார். எழுதினவுடனே என்ன நடந்தது தெரியுமா? அவர் வீட்டு வாசற் கதவிலும் தெருச் சுவர்களிலும் அவரையும் அவர் குடும்பத்தையும் பற்றி ஆபாசமான வார்த்தைகளை எழுதி வைத்துவிட்டார்கள்.

தோழர்களே! இந்த இடத்தில் சற்று நிதானித்துப் பாருங்கள். "நீ எழுதியது பொய்" என்று சொல்ல அவர்களால் முடிந்ததா? "எங்கள் பிள்ளைகள் துப்பாக்கி தூக்கவில்லை" என்று ருஜுப்படுத்த முடிந்ததா? முடியவில்லை. பொய் என்று சொல்ல முடியாதபோது, பெண்ணின் மானத்தின் மேல் கையை வைக்கிறார்கள். ஆண்பிள்ளை ஒருவன் எழுதினால் அவனிடம் ஆதாரம் கேட்பார்கள். பெண்பிள்ளை எழுதினால் அவளுடைய நடத்தையைப் பற்றிச் சுவரில் எழுதுவார்கள். இது கராச்சி வழக்கம் மாத்திரந்தானா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில் அவருடைய தகப்பனார், "பெண்ணே, இனிப் பேனாவைத் தொடாதே" என்று சொல்லி அறைக்குள் தள்ளிப் பூட்டியிருக்கலாம். ஊரார் மெச்சியிருப்பார்கள். ஆனால் அவர் அப்படிச் செய்யவில்லை. நீ உண்மையைச் சொல்லும் வரையில் நான் உன் பக்கம் நிற்பேன் என்கிற கருத்தில் தைரியம் சொன்னார் என்று அம்மையாரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இந்தத் தகப்பனாரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு தகப்பனையும் நாம் சிறிது நேரத்தில் பார்க்கப் போகிறோம்.

நிற்க, பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர் படத்துக்கு ஏன் வந்தார்? அமெரிக்காவில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது 2001 செப்டம்பரில் நியூயார்க் கட்டிடங்கள் தகர்க்கப்பட்டன. ஆப்கானிஸ்தானத்தில் யுத்தம் மூண்டது. அங்கிருந்து உயிர் பிழைக்க ஓடிவந்த ஜனங்கள் கராச்சித் தெருக்களில் வந்து விழுந்தார்கள். பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகள் குப்பை பொறுக்கிப் பிழைத்தார்கள். இந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுதினால் போதாது, இவர்கள் முகத்தை உலகம் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிற்று. அதற்கு முன் அவர் படம் எடுத்து அறியாதவர். பல இடங்களில் கதவைத் தட்டினார். கடைசியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் டெலிவிஷன் பிரிவு பணமும் சாதனமும் கொடுத்தது. அப்படி எடுத்த 'டெர்ரர்ஸ் சில்ட்ரன்' என்கிற படம் 2003-ல் வெளிவந்தது. பிறகு பல நாடுகளுக்குப் போய்ப் பல படங்கள் எடுத்தார். சிறு பிள்ளைகளைப் பிடித்து வெடிகுண்டு கட்டிக்கொண்டு சாகப் பழக்குகிறவர்களைப் பற்றி 2009-ல் அவர் எடுத்த படத்துக்கு மறு வருஷம் சர்வதேச எம்மி பரிசு கிடைத்தது.

எழுத்துக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நம்மைப் போன்ற பிரசாரக்காரர்கள் நன்றாய்க் கவனிக்க வேண்டும். பத்திரிகை படித்தவனுக்குத்தான் போய்ச் சேரும். பாகிஸ்தானத்திலே, 2015-ஐ ஒட்டிய கணக்குப்படி, நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அதிலும் பெண்களே அதிகம். யாருக்குக் கொடுமை நடக்கிறதோ அவளுக்கே அதைப் பற்றிய கட்டுரையைப் படிக்க வழியில்லை. படம் என்றால், கண் இருந்தால் போதும். அன்றியும், எழுதினதை 'பத்திரிகைக்காரன் கற்பனை' என்று தள்ளிவிடலாம். செய்தவனே திரையில் வந்து, 'ஆம், செய்தேன்' என்று சொல்லும்போது அதை எப்படித் தள்ளுவது? அதனால்தான் அவ்வம்மையாரின் குழுவினர் வண்டியில் திரை கொண்டுபோய், கொட்டகையில்லாத சிற்றூர்களிலும் படம் காட்டினார்கள். நாம் மேடை போட்டுக் கத்துவதை அவர்கள் வெள்ளைத் துணி கட்டிச் செய்தார்கள். காரியம் ஒன்றுதான்.

இனி, அவருக்கு ஆஸ்கார் பரிசு வாங்கித் தந்த இரண்டு படங்களைப் பற்றிச் சொல்லுகிறோம்.

முதற் படத்தின் பெயர் 'சேவிங் ஃபேஸ்'. டேனியல் ஜங் என்னும் அமெரிக்கரோடு சேர்ந்து எடுத்தது. 2012-ல் ஆஸ்கார் பெற்றது. பாகிஸ்தானத்துக்குக் கிடைத்த முதல் ஆஸ்கார் அதுதான். அந்த ஆங்கிலப் பெயருக்கு முகத்தைக் காப்பாற்றுவது என்றும் அர்த்தம். மானத்தைக் காப்பாற்றிக்கொள்வது என்றும் அர்த்தம். திராவகம் வீசி முகம் வெந்துபோன பெண்களின் சங்கதி அது. யார் வீசினார்கள்? வழிப்பறிக்காரனா? பகையாளியா? அல்ல. தாலி கட்டிய புருஷனுக்குச் சமானமான சொந்தப் புருஷன்! விவாகரத்துக் கேட்டாள் என்பதற்காக ஒருத்தியின் முகத்தைப் புருஷன் எரித்தான். பெண் ஒருத்தி 'உன்னோடு வாழ மாட்டேன்' என்று சொன்னால் ஆணுக்கு மானம் போய்விடுகிறதாம். அவள் முகத்தை எரித்தால் போன மானம் திரும்பி வந்துவிடுகிறதாம். இதென்ன கணக்கு?

லண்டனில் தொழில் செய்துவந்த டாக்டர் முகம்மது ஜவாத் என்பவர் தாய்நாட்டுக்கு வந்து அப்பெண்களுக்கு ரண சிகிச்சை செய்து முகத்தைச் சீர்ப்படுத்துகிறார். அதே சமயத்தில் பார்லிமெண்டில் பெண் அங்கத்தினர்கள் திராவகக் குற்றத்துக்குத் தனிச் சட்டம் வேண்டுமென்று போராடுகிறார்கள். 2011-ம் வருஷக் கடைசியில் சட்டம் நிறைவேறிற்று. குறைந்தது 14 வருஷம் ஜெயில், ஆயுள் வரையிலும் போகலாம், 10 லட்ச ரூபாய் அபராதம் என்று ஏற்பட்டது. மேலே சொன்ன அந்தப் புருஷனுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. அவ்வளவும் படத்தில் இருக்கிறது.

இரண்டாவது படந்தான் நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்தது. 'எ கேர்ள் இன் தி ரிவர்' என்பது அதன் பெயர். ஆற்றிலே ஒரு பெண் என்று பொருள். ஒரு நாள் பத்திரிகையில் ஒரு செய்தியை அவ்வம்மையார் பார்த்தார். பஞ்சாப் மாகாணத்தில் குஜ்ரன்வாலாப் பக்கத்தில், பெற்றவர்களே கொன்று ஆற்றில் எறிந்த ஒரு பெண் சாகாமல் பிழைத்துக்கொண்டாள் என்பது செய்தி. பத்திரிகை படிக்கிறவர்கள் 'ஐயோ பாவம்' என்று அடுத்த பக்கத்தைத் திருப்புவார்கள். இவர் பத்திரிகைத் தொழிலில் பழகினவர். சிறு செய்திக்குள்ளே எவ்வளவு பெரிய சங்கதி அடங்கிக் கிடக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியை விசாரித்துப் புறப்பட்டார்.

அந்தப் பெண் செய்த குற்றம் என்ன? பத்தொன்பது வயதுப் பெண், ஒருவனை நேசித்தாள், கல்யாணம் செய்துகொண்டாள். முதலில் சம்மதித்த வீட்டார், பையன் வீடு தங்களுக்குத் தாழ்ந்தது என்று பிறகு சிற்றப்பன் சொல்லவே, மாறிவிட்டார்கள். ஆகவே அவள் கோர்ட்டில் மணம் செய்துகொண்டாள். சில மணி நேரத்தில் தகப்பனும் சிற்றப்பனும் வந்தார்கள். "உன்னை ஒன்றும் செய்யமாட்டோம், முறைப்படி வீட்டிலிருந்து அனுப்பி வைக்கிறோம்" என்று குர்ஆன் மேல் சத்தியம் செய்தார்கள். பெண் நம்பி வண்டியேறினாள். வீட்டுக்கா கொண்டுபோனார்கள்? ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் அடித்தார்கள், துப்பாக்கியால் சுட்டார்கள், சாக்கில் போட்டுத் தண்ணீரில் எறிந்தார்கள். சுடும்போது தலையைத் திருப்பினதால் குண்டு கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று. தண்ணீர் பட்டதும் அறிவு வந்தது. கையில் அகப்பட்ட செடியைப் பிடித்துக் கரையேறி, தூரத்தில் தெரிந்த விளக்கைப் பார்த்து நடந்து, ஒரு பெட்ரோல் கடைக்கு வந்து சேர்ந்தாள்.

சத்தியத்தின் மதிப்பைப் பார்த்தீர்களா, தோழர்களே! சத்தியம் செய்த நாக்குக்கும் சுட்ட கைக்கும் மத்தியில் எந்தக் கடவுளும் வந்து நிற்கவில்லை. அவள் தலையைத் திருப்பினதும், செடியைப் பிடித்ததும், டாக்டர்கள் தையல் போட்டதுந்தான் அவளைக் காப்பாற்றின.

தகப்பனும் சிற்றப்பனும் ஜெயிலில் வைக்கப்பட்டார்கள். அம்மையார் அங்கே போய்க் காமிராவை வைத்தார். அவனைத் திட்டவில்லை, உபதேசம் செய்யவில்லை, பேச விட்டார். அவனும் கூச்சமின்றிப் பேசினான். தான் செய்தது சரி என்றும், குடும்ப மானத்துக்காகவே செய்ததாகவும், அதற்காக வருந்தவில்லை என்றும் சொன்னான். இதிலேதான் அவ்வம்மையாரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. நாம் திட்டியிருந்தால் 'இவர்கள் அன்னியக் கூலிகள்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வான். அவனாகவே பேசும்போது, அந்த மானத்தின் நிர்வாணத்தை உலகமே பார்த்துவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். பாகிஸ்தானத்தில் 1990-ல் கொண்டுவரப்பட்டுப் பின்னர் நிரந்தரமாக்கப்பட்ட ஒரு சட்டப்படி, கொலையுண்டவரின் வாரிசுகள் கொலைகாரனை மன்னித்துவிடலாம். கொலை முயற்சியில் பிழைத்தவரும் மன்னிக்கலாம். இதைக் குடும்பத்துக்குள் நடக்கும் கொலையில் பொருத்திப் பாருங்கள். பெண்ணைக் கொன்றவன் அண்ணன், மன்னிக்கிறவன் தகப்பன். கொன்றவன் தகப்பன், மன்னிக்கிறவள் தாய். அதாவது, கொன்றவர்களும் வாரிசு, மன்னிக்கிறவர்களும் வாரிசு. செத்தவளுக்கு மாத்திரம் வாரிசு இல்லை! திருடனும் நீதிபதியும் ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டால், களவு கொடுத்தவனுக்கு என்ன நியாயம் கிடைக்கும்?

அந்தப் பெண் மன்னிக்கமாட்டேன் என்றுதான் சொன்னாள். வக்கீலும் அவள் பக்கம் நின்றார். ஆனால் ஊர்ப் பெரியவர்கள் விடவில்லை. 'ஒரே ஊரில் வாழ வேண்டாமா, நாளைக்கு நல்லது பொல்லாததற்கு யார் வருவார்கள்' என்று புருஷன் வீட்டாரை நெருக்கினார்கள். கடைசியில் கோர்ட்டில் நின்று மன்னித்தேன் என்று சொன்னாள். தகப்பனும் சிற்றப்பனும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வந்த பிறகு அந்தத் தகப்பன் காமிராவின் முன் என்ன சொன்னான் தெரியுமா? இந்தக் காரியத்தால் ஊரில் தன் மதிப்பு உயர்ந்துவிட்டது என்று சொன்னான்!

இந்தப் படம் 2016 பிப்ரவரி 28-ந் தேதி ஆஸ்கார் பெற்றது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னமே, அப்போது பிரதம மந்திரியாயிருந்த நவாஸ் ஷெரீப் தமது மாளிகையில் படத்தைப் போட்டுக் காட்டச் செய்து, இத்தகைய கொலையில் மானம் ஏதுமில்லை என்றும், சட்டத்தின் ஓட்டையை அடைப்பதாகவும் சொன்னார். சர்க்காரின் வாக்கு எவ்வளவு தாமதமாக நடக்கும் என்பது நமக்குத் தெரியாததா? அதற்குள் ஜூலையில் கந்தீல் பலோச் என்னும் புகழ்பெற்ற பெண்ணை அவள் தம்பியே கழுத்தை நெரித்துக் கொன்றான். அவள் இன்டர்நெட்டில் தன் இஷ்டப்படி படம் போட்டுப் பேசி வந்தது குடும்பத்துக்கு அவமானமாம். அவள் சம்பாத்தியத்தில் குடும்பம் சாப்பிட்டபோது யாருக்கும் அவமானமாயில்லை! ஊரெல்லாம் கொந்தளித்த பிறகு, அக்டோபர் 6-ந் தேதி பார்லிமெண்டின் இரு சபைகளும் கூடிச் சட்டம் செய்தன. மானத்தின் பேரால் நடந்த கொலையென்றால், குடும்பம் மன்னித்தாலும் தூக்குத்தான் தப்பும். ஆயுள் தண்டனை தப்பாது என்று ஏற்பட்டது.

ஒரு படத்தால் சட்டம் வந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. பல வருஷமாய்ப் பாடுபட்ட பெண் வக்கீல்களும் சங்கங்களும் பார்லிமெண்டு அங்கத்தினர்களும் இருக்கிறார்கள். பாகிஸ்தான் மனித உரிமைக் கமிஷனின் கணக்குப்படி 2015-ல் மாத்திரம் ஏறக்குறைய 1,100 பெண்கள் இப்படிக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். ஆயிரத்து நூறு என்பது வெறும் எண்ணாகக் கிடந்தது. அந்த எண்ணுக்குக் கன்னத்தில் வடுவோடு ஒரு முகத்தைக் கொடுத்தது அந்தப் படம்.

அதற்காக அவ்வம்மையாருக்குக் கிடைத்த பட்டம் என்ன? 'நாட்டின் மானத்தை அயலாரிடம் விற்றவள்' என்று பலர் வைதார்கள். பாருங்கள், மறுபடியும் மானம்! மகளைச் சாக்கில் கட்டி எறிந்தபோது போகாத மானம், அதைப் படம் பிடித்துக் காட்டினபோது போய்விட்டதாம். புண்ணை உண்டாக்கினவன் மேல் கோபமில்லை. கட்டை அவிழ்த்துக் காட்டினவர் மேல் கோபம்.

இதைக் கேட்டுவிட்டு, 'அவர்கள் மதம் அப்படி, அவர்கள் நாடு அப்படி' என்று யாரும் மீசையைத் தடவிக்கொள்ள வேண்டாம். படம் எடுத்தவரும், வைத்தியம் செய்தவரும், அவளுக்காக வாதாடினவரும் அந்த நாட்டவர்களே. மேலும், அந்த ஆஸ்கார் கொடுத்து இரண்டு வாரம் ஆவதற்குள், 2016 மார்ச்சு 13-ந் தேதி, உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் கலப்பு மணத் தம்பதிகளை வெட்டிக் கணவனைக் கொன்றதை நாம் மறந்துவிடவில்லை. அங்கே சத்தியம் செய்ய ஒரு புத்தகம் இருந்தது. இங்கே சாதி இருந்தது. வெட்டுகிற மானம் இரண்டிடத்திலும் ஒன்றுதான்.

இனி முடிவுக்கு வருகிறோம். சட்டம் வந்ததே, கொலை நின்றதா? கந்தீலின் தம்பிக்கு 2019-ல் ஆயுள் தண்டனை விதித்தார்கள். தாயார் மன்னித்த பின், 2022 பிப்ரவரியில் லாகூர் உயர் நீதிமன்றம் அவனை விடுதலை செய்தது. சட்டம் கதவைப் பூட்டினால் வழக்கம் ஜன்னலைத் திறந்துகொள்ளுகிறது. ஏன்?

அந்தத் தகப்பன் சொன்னதிலேயே விடை இருக்கிறது. ஊரில் தன் மதிப்பு உயர்ந்துவிட்டது என்றானே, அதை உயர்த்திக் கொடுத்தது யார்? அவன் துப்பாக்கியா? சட்டமா? அல்லவே அல்ல. ஊரார்! 'மானஸ்தன்' என்று சொல்லி எழுந்து நின்று இடம் கொடுத்தவர்கள்; வீட்டு விசேஷத்துக்கு அழைத்தவர்கள். ஆகவே மானம் என்பது ஒருவன் நெஞ்சுக்குள் இருக்கும் பொருளல்ல. ஊரார் கொலைகாரனுக்குக் கொடுக்கும் கூலிக்கே அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். ஊரார் கூலியை நிறுத்திவிட்டால் அந்த வேலைக்கு எவனும் வரமாட்டான்.

ஆதலால், உங்களால் ஆகக்கூடியதை மாத்திரம் நாம் சொல்லுகிறோம். மகளின் விருப்பத்துக்கு விரோதமாய்க் கையை ஓங்குகிறவன் வீட்டில் கை நனைக்காதீர்கள். 'என்ன செய்வான், பெற்ற வயிறு' என்று அவனுக்காக வாயைத் திறக்காதீர்கள். அடைக்கலம் தேடி வருகிற தம்பதிகளுக்குத் திண்ணையாவது கொடுங்கள். கண்ணால் கண்டதைக் கோர்ட்டில் சொல்லக் கூசாதீர்கள். சமாதானம் பேசுகிற பெரிய மனிதர் வந்தால், 'சமாதானம் யாருக்கும் யாருக்கும், குத்தியவனுக்கும் குத்துப்பட்டவளுக்குமா?' என்று கேளுங்கள்.

இரண்டு தகப்பன்மார்களை இன்று பார்த்தோம். சுவரில் மகளைப் பற்றி அசிங்கமாய் எழுதியிருந்ததைக் கண்டும், மகளின் பக்கத்தில் நின்றவர் ஒருவர். மகள் தன் இஷ்டப்படி மணந்தாள் என்பதற்காக அவளைச் சாக்கில் கட்டினவன் ஒருவன். ஊர் எவனை மானஸ்தன் என்றது என்பதையும், உங்கள் அறிவு எவரை மானமுள்ளவர் என்று சொல்லுகிறது என்பதையும் வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். பெண்ணுக்குத் தன் உயிரும் தன் முகமும் தன் மனமும் தனக்குச் சொந்தம் என்பதே மானம். அதைப் பறிக்கிறவனுக்கு அந்தச் சொல்லை உபயோகிக்கவே யோக்கியதை கிடையாது என்பது நமது அபிப்பிராயம். உங்கள் புத்திக்கும் அது சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டால், சொல்லோடு நிறுத்தாமல் உங்கள் தெருவிலே அதை நடத்திக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்கிறோம்.